வயித்துல பலமா அடிபட்டா என்ன பண்றது: வீட்லயே பாக்குறதா, ஒரு ஸ்கேனா, அட்மிஷனா, ஆபரேஷனா?

"வண்டில இருந்து விழுந்துட்டான், ஹேண்டில்பார் வயித்துல குத்திடுச்சு, வெளிய ஒரு கீறல்கூட இல்ல, ஆனா வலிக்குதுங்கறான், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணுமா இல்ல காலைல பாத்துக்கலாமா?" இந்தக் கேள்வி பெரும்பாலும் ராத்திரிதான் வரும். நான் பல வருஷமா சர்ஜரி வார்டுல நர்ஸா இருக்கேன், தெரிஞ்சவங்க போன் பண்ணி கேக்குறதுல பாதி இந்த மாதிரிதான். ஆஸ்பத்திரிக்கு வந்தப்புறமும் குழப்பம் தீராது, ஸ்கேன் நார்மல்னு ஒருத்தர் சொல்வார், இன்னொருத்தர் அட்மிட் ஆகணும்பார், அடுத்த நாள் ஆபரேஷனுக்குக் கையெழுத்து போடுங்கம்பாங்க, எதை நம்புறதுன்னு வீட்டுக்காரங்களுக்குப் புரியாது. அதனால ஒவ்வொரு வழியா எடுத்து வச்சுப் பாப்போம்.

முதல்ல ஒரு சின்ன விஷயம். நாம வயிறுன்னு சொல்றது நெஞ்சுக்குக் கீழ இருந்து இடுப்பு வரைக்கும் மொத்தத்தையும். அதுக்குள்ளதான் கல்லீரல், மண்ணீரல், கணையம், குடல், இரைப்பை எல்லாம் இருக்கு. இந்தக் கட்டுரைல நான் அதிகமா சொல்லப்போறது இரைப்பையைப் பத்தி, அதாவது சாப்பாடு போய் விழுற பை. அடிபட்டு இரைப்பை கிழியறது ரொம்ப அபூர்வம், வயித்துல ஊமை அடியோட (தோல் கிழியாம உள்ள படற அடி) வர்றவங்கள்ல 2 சதவீதத்துக்கும் கம்மி. ஏன்னா அது கெட்டியான சுவர், கொஞ்சம் நகர்ந்து குடுக்கும், விலா எலும்பு பாதி மறைச்சு நிக்குது. ஆனா வயிறு முட்ட சாப்பிட்டிருக்கும்போது அடி விழுந்தா கதை வேற. காத்து நிறைஞ்ச பலூனை அழுத்துன மாதிரி உள்ள அழுத்தம் சட்டுனு ஏறி, பெரும்பாலும் முன்பக்கச் சுவர்ல கிழிஞ்சிடும். கார் ஆக்சிடெண்ட், இடுப்புல இருக்க வேண்டிய சீட் பெல்ட் வயித்து மேல ஏறி இருக்கறது, உயரத்துல இருந்து விழறது, உதை, சைக்கிள் ஹேண்டில்பார், இதெல்லாம் வழக்கமான காரணம். நெஞ்சை அழுத்தி உயிர்காக்குற சி.பி.ஆர் பண்ணும்போதும், தொண்டைல சிக்குனத எடுக்க மேல் வயித்தை அழுத்தும்போதும்கூட அபூர்வமா நடந்திருக்கு.

இரைப்பை கிழியற அளவுக்கு அடின்னா அது மட்டும் தனியா கிழியறது கம்மி. மண்ணீரல், கல்லீரல், இடது பக்க விலா, நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கற தசைத் தடுப்பான உதரவிதானம்னு கூட ஏதாவது ஒண்ணு சேந்து அடிபட்டிருக்கும், உயிருக்கு முதல்ல ஆபத்து வர்றதும் பல நேரம் அந்த ரத்தக்கசிவாலதான்.

## எதை வச்சு முடிவு பண்றது

வழிகளை ஒப்பிடறதுக்கு முன்னாடி நான் மனசுல வச்சுக்கற கேள்விகள் இது:

- அடி எப்படி விழுந்துச்சு, கடைசியா எப்போ சாப்பிட்டாங்க? சின்ன இடத்துல குவிஞ்சு விழுந்த அடி (ஹேண்டில்பார் முனை, முழங்கால், பெல்ட்) பரவலா விழுந்த அடியைவிட மோசம்.
- நாடித்துடிப்பும் பி.பி.யும் நிலையா இருக்கா? படுத்திருக்கும்போதே துடிப்பு வேகமா ஓடுது, கை கால் சில்லுனு வேர்க்குது, தலை சுத்துதுன்னா மத்த கேள்விக்கெல்லாம் நேரமே இல்ல.
- ஆளோட வயிறு சொல்றத நம்ப முடியுமா? குடிச்சிருந்தா, தலைல அடின்னா, முதுகுத்தண்டுல அடின்னா, காலு முறிஞ்சு அந்த வலிலயே கத்திட்டு இருந்தா, வயித்து வலி தெரியாமலே போகலாம்.
- அடிபட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு?
- இருக்கற இடத்துல இப்பவே ஆபரேஷன் பண்ணக்கூடிய சர்ஜன் இருக்காரா? இதை யாருமே கேக்க மாட்டாங்க, ஆனா என் கணக்குல ஸ்கேன் மெஷின் இருக்கான்னு கேக்குறதைவிட இது முக்கியம்.

நேரத்தைப் பத்தி ஒரு கணக்கு. சிறுகுடல் ஊமை அடில கிழிஞ்ச 198 பேரோட விவரத்தை வச்சு 2000-ல ஒரு ஆய்வு வந்துச்சு. 8 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் ஆனவங்கள்ல இறப்பு சுமார் 2 சதவீதம், 24 மணி நேரம் தாண்டினவங்கள்ல சுமார் 31 சதவீதம். அது சிறுகுடல், இரைப்பை இல்ல, ஆனாலும் உள்ள இருக்க வேண்டியது வயித்தறைக்குள்ள கசிஞ்சு கிடந்தா மணிக்கு மணி நிலைமை எப்படி மாறும்னு புரிஞ்சுக்க அது போதும்.

## வழி 1: வீட்லயே இருந்து பாக்குறது

அடி லேசா இருந்து, வலி பட்ட இடத்துல தோல் மேல மட்டும் இருந்து, நடக்கறப்போ இருமறப்போ வலி ஏறலன்னா, வாந்தி இல்ல, வயிறு மெத்துனு இருக்கு, நல்லா நினைவோட இருக்காங்கன்னா வீட்ல வச்சுப் பாக்கலாம். கூட ஒருத்தர் முழிச்சுப் பாத்துக்க இருக்கணும், ஆஸ்பத்திரிக்குப் போற வழி ராத்திரியும் திறந்திருக்கணும்.

மறைஞ்சிருக்கற செலவு என்னன்னா, நேரம். அதோட மூணு தப்பு வீட்லதான் நடக்கும். ஒண்ணு, கைல இருக்கற வலி மாத்திரையைப் போட்டுட்டு "குறைஞ்சிடுச்சு"ன்னு தூங்கிடறது, அதுலயும் சில மாத்திரை ரத்தம் உறையறதைக் குறைக்கும். ரெண்டு, எண்ணெய் தேச்சு நீவி விடறது, ஒத்தடம் குடுக்கறது. மூணு, "தெம்பு வரட்டும்"னு சாப்பிட வைக்கிறது, அப்புறம் மயக்க மருந்து குடுக்க வேண்டி வந்தா வயித்துல இருக்கறது மூச்சுக்குழாய்க்குள்ள போற ஆபத்து.

இன்னொண்ணு கட்டாயம் சொல்லணும். இரைப்பைல இருக்கறது அமிலம், அது வெளிய கசிஞ்சா பெரும்பாலும் உடனே சுரீர்னு பிடிக்கும், அதனால சிறுகுடல் கிழிசலைவிட இது சீக்கிரம் காட்டிக்குடுத்துடும். ஆனா சில மணி நேரம் கழிச்சு வயித்துக்குள்ள ஊறுற நீர் அந்த அமிலத்தை நீர்க்க வைக்கும்போது வலி கொஞ்சம் அடங்குன மாதிரி இருக்கும். அல்சர் ஓட்டையாகி வர்றவங்ககிட்ட இது நல்லா தெரிஞ்ச விஷயம். அந்த அமைதியை நம்பி ஆட்டோவைத் திருப்பி விட்டவங்களை நான் பாத்திருக்கேன். மறுநாள் காய்ச்சல், வீங்குன வயிறோட வருவாங்க.

இடது தோள்பட்டைல காரணமே இல்லாம வலி, வாந்தில ரத்தம், கறுப்பா மலம், வயித்துல பெல்ட் போட்ட இடத்துல பட்டையா கன்னிப்போன தழும்பு, இதுல ஒண்ணு இருந்தாலும் வழி 1 கிடையாது, கிளம்புங்க.

## வழி 2: பக்கத்து கிளினிக்ல அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே

ஆளுங்க அதிகமா ஏமாந்து போறது இங்கதான்.

அடிபட்டவங்களுக்கு எமர்ஜென்சில பண்ற அல்ட்ராசவுண்டுக்கு ஃபாஸ்ட்னு பேரு. நாலு இடம் பாப்பாங்க: இதயத்தைச் சுத்தி, கல்லீரல் பக்கம், மண்ணீரல் பக்கம், அடிவயிறு. சில நிமிஷத்துல முடிஞ்சிடும், கதிர்வீச்சு இல்ல, படுக்கையை விட்டு நகர்த்த வேண்டியதில்ல, எத்தனை தடவை வேணா திரும்பப் பண்ணலாம். பி.பி. விழுந்துட்டு இருக்கற ஆளுக்கு உள்ள ரத்தம் சேருதான்னு பாக்க இதைவிட நல்ல வழி இல்ல.

ஆனா அது தேடறது தேங்கி நிக்கற திரவத்தை. சுமார் 200 மில்லியாவது சேந்தாதான் நம்பிச் சொல்ற அளவுக்குத் தெரியும். இரைப்பைல ரெண்டு சென்டிமீட்டர் கிழிசல், கொஞ்சமா கசியுதுன்னா முதல் ஒரு மணி நேரத்துல அது ஸ்கேன்ல சுத்தமா இருக்கும். "ஸ்கேன் நார்மல்"னு அந்த பேப்பர்ல இருக்கறதுக்கு அர்த்தம் "இப்போ பெருசா ரத்தம் தேங்கல", அவ்வளவுதான். நிக்க வச்சு எடுக்கற நெஞ்சு எக்ஸ்ரேல உதரவிதானத்துக்குக் கீழ கறுப்பா பிறை மாதிரி காத்து தெரிஞ்சா ஓட்டைன்னு உறுதியாச் சொல்லிடலாம், தெரியலன்னா ஓட்டை இல்லன்னு சொல்ல முடியாது.

இந்த வழி எப்போ சரின்னா, பெரிய ஆஸ்பத்திரி ரொம்ப தூரம், போற வழில இது இருக்கு, அங்க நரம்புல ஊசி போட்டு சலைன் ஏத்தி ஆம்புலன்ஸ்ல அனுப்புவாங்கன்னா. அங்க போய் ரிப்போர்ட் வாங்கிட்டு வீட்டுக்குத் திரும்பறதுக்குன்னா வேணாம்.

## வழி 3: சி.டி ஸ்கேன்

நிலையா இருக்கற ஆளுக்கு இன்னைக்கு இதுதான் முதல் கருவி. படத்துல உள் உறுப்பு தெளிவாத் தெரிய நரம்புல கான்ட்ராஸ்ட் மருந்து ஏத்தி எடுப்பாங்க. கல்லீரல், மண்ணீரல் கிழிசலை அழகாக் காட்டும், எந்த அளவுன்னும் சொல்லும். இரைப்பை, குடல் மாதிரி உள்ள வெத்திடமா இருக்கற உறுப்புக்கு வரும்போது அது கொஞ்சம் தடுமாறும். டாக்டருங்க தேடறது: வெளிய வந்த காத்து, தடிச்ச சுவர், பக்கத்துக் கொழுப்புல கலங்கல், அப்புறம் முக்கியமா கல்லீரலோ மண்ணீரலோ கிழியாம இருக்கும்போது வயித்துக்குள்ள கொஞ்சம் திரவம். கடைசியா சொன்னது இருந்தா எங்க வார்டுல யாரும் நிம்மதியா இருக்க மாட்டாங்க, "இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு"ன்னு கேட்டுட்டே இருப்பாங்க.

சீக்கிரம் எடுத்த சி.டி.ல ஒண்ணுமே இல்லாம, ஆறு எட்டு மணி நேரம் கழிச்சு எடுத்ததுல தெரிஞ்ச கேஸும் உண்டு. அதனால நார்மல் சி.டி. வந்தும் வலி ஏறிட்டே போனா இன்னொரு தடவை பாக்கச் சொல்றதுல தப்பே இல்ல, "ஏற்கனவே எடுத்தாச்சே, காசு பிடுங்கப் பாக்குறாங்க"ன்னு நினைக்காதீங்க.

மறைஞ்ச செலவு: வயிறும் இடுப்பும் சேத்து ஒரு தடவைக்கு சுமார் 8-ல இருந்து 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு, இயற்கையா ஒரு வருஷத்துல நமக்குக் கிடைக்கிறது உலக சராசரியா 2.4. பெரியவங்களுக்கு உயிர் பிரச்சனைல இது பெரிய விஷயமில்ல, சின்னக் குழந்தைக்கு யோசிச்சுதான் எடுப்பாங்க. கிட்னி கோளாறு, கான்ட்ராஸ்ட் அலர்ஜி இருந்தா கண்டிப்பா முன்னாடியே சொல்லிடுங்க. எல்லாத்தையும்விடப் பெருசு, ஸ்கேன் ரூமுக்குத் தள்ளிட்டுப் போற நேரம். பி.பி. ஆடிட்டு இருக்கற ஆளை அங்க கொண்டு போகக்கூடாது, டாக்டர் "வேணாம், நேரா ஆபரேஷன் தியேட்டர்"னு சொன்னா அதை அலட்சியம்னு எடுத்துக்காதீங்க.

சி.டி. பரவலா வர்றதுக்கு முன்னாடி வயித்துக்குள்ள குழாய் விட்டு சலைன் ஊத்தி எடுத்து அதுல ரத்த அணுவை எண்ணுவாங்க, 1965-ல ரூட்ங்கற சர்ஜனும் அவரோட குழுவும் கொண்டு வந்த முறை. இப்பவும் ஸ்கேன் வசதி இல்லாத இடத்துல உபயோகம்தான், மத்த இடத்துல அதிகம் பண்றதில்ல.

## வழி 4: அட்மிட் பண்ணி, திரும்பத் திரும்ப வயித்தைத் தொட்டுப் பாக்குறது

"சும்மா படுக்க வச்சிருக்காங்க, ஒரு ட்ரீட்மெண்டும் குடுக்கல"ன்னு வீட்டுக்காரங்க கோபப்படறது இதுலதான். எனக்கு இந்த வழி மேல இருக்கற மரியாதை வேற எதுலயும் இல்ல, ஏன்னு சொல்றேன்.

பத்து வயசுப் பையன் ஒருத்தன், சைக்கிள்ல இருந்து விழுந்து வந்தான். தொப்புளுக்கு மேல ஒரு ரூபா காசு சைஸுல வட்டமா ஒரு தழும்பு, ஹேண்டில்பார் முனையோட அச்சு அப்படியே. முதல் ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. சர்ஜன் கையைத் தேச்சு சூடாக்கிட்டு, வலிக்கிற இடத்துல இருந்து தூரமா ஆரம்பிச்சு மெதுவா அழுத்திட்டு வந்தார், அப்புறம் அவனை இருமச் சொன்னார். இருமினான், முகம் கொஞ்சம் சுளிச்சுது, அவ்வளவுதான். ரெண்டு மணி நேரம் கழிச்சு அதே சர்ஜன் வந்து மறுபடி இருமச் சொன்னார், பையன் மாட்டேன்னு தலையாட்டினான், முழங்காலை மடக்கி அசையாம கிடந்தான், யாரோ கட்டில்ல இடிச்சதுக்கே "அம்மா"ன்னான். அடுத்த தடவை தொடும்போது வயிறு பலகை மாதிரி இருந்துச்சு. தியேட்டர்ல திறந்து பாத்தா இரைப்பை முன்சுவர்ல கிழிசல். தைச்சாச்சு, நல்லா ஆயிட்டான். முதல் தடவைக்கும் மூணாவது தடவைக்கும் இருந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சது ஒரே ஆளோட ஒரே கை.

அதனால இந்த வழில நீங்க கேக்க வேண்டியது: எத்தனை மணிக்கு ஒரு தடவை பாப்பாங்க, அதே டாக்டரா, டியூட்டி மாறும்போது ரெண்டு பேரும் சேந்து தொட்டுப் பாப்பாங்களா. மூக்கு வழியா இரைப்பைக்குக் குழாய் விட்டிருந்தா அதுல ரத்தம் வருதான்னும் பாப்பாங்க, வந்தா இரைப்பை மேல சந்தேகம் கூடும். வலி மருந்து குடுத்தா நோய் மறைஞ்சிடும்னு ஒரு பழைய நம்பிக்கை இருக்கு, ஆஸ்பத்திரில கண்காணிப்புல குடுத்தா அப்படி மறையாது, வலியைத் தாங்கிக்கிட்டு கிடக்கணும்னு அவசியமில்ல.

இரைப்பைச் சுவர்ல வெறும் ரத்தக்கட்டு, இல்ல முழு ஆழமும் கிழியாத கீறல்னா (கிரேடு 1-ம்பாங்க, மொத்தம் 5 கிரேடு) சில பேருக்கு இந்தக் கண்காணிப்புலயே சரியாகிடும்.

செலவுன்னு பாத்தா, வாய்ல தண்ணிகூட இல்லாம கிடக்கணும், ராத்திரி தூக்கம் இல்ல, கூட இருக்கறவங்களுக்கு வேலை போகும். நினைவு தெளிவா இல்லாத ஆளுக்கு இந்த வழி மட்டும் தனியா சரிப்படாது, இருமச் சொன்னா இருமி, வலியைச் சொல்ல அவங்களால முடியணும்.

## வழி 5: லேப்ராஸ்கோப்பி

சின்ன ஓட்டை போட்டு, காத்தடிச்சு, கேமராவை விட்டுப் பாக்குறது. சந்தேகம் தீரல, ஆள் நிலையா இருக்காங்க, சர்ஜனுக்கு இதுல நல்ல பழக்கம் இருக்குன்னா அருமையான வழி, தேவையில்லாம பெருசா வயித்தைத் திறக்கறதைத் தவிர்க்கும். ஆனா இரைப்பையோட பின்பக்கச் சுவர் கேமராவுக்கு நேரா தெரியாது, இரைப்பைக்குப் பின்னாடி இருக்கற பை மாதிரியான இடுக்கைத் திறந்துதான் பாக்கணும், திறக்காம விட்டா கிழிசலைத் தவற விட்டுடலாம். தலைல அடி இருந்தா, உதரவிதானம் கிழிஞ்சிருக்கும்னு சந்தேகம் இருந்தா அடிக்கற காத்தே பிரச்சனை. பாதில திறக்க வேண்டி வந்தா அது தோல்வி இல்ல, முன்னாடியே அதுக்கும் சேத்துதான் கையெழுத்து வாங்குவாங்க.

உணவுக்குழாய் வழியா விடற எண்டோஸ்கோப்பி பண்ணி பாக்கலாமேன்னு சில பேர் கேப்பாங்க. அதுல இரைப்பைக்குள்ள காத்து அடிப்பாங்க, கிழிஞ்ச பைக்குள்ள காத்து அடிச்சா உள்ள இருக்கறதெல்லாம் வெளிய போகும், அதனால ஓட்டை சந்தேகம் இருக்கும்போது அதுல இறங்க மாட்டாங்க.

## வழி 6: வயித்தைத் திறந்து ஆபரேஷன்

பி.பி. விழுந்து ஸ்கேன்ல திரவம் இருக்கு, வயிறு பலகையா இருக்கு, வெளிய காத்து தெரியுதுன்னா பேச்சே இல்ல, இதுதான். நடுவுல மேலயிருந்து கீழ வரைக்கும் கீறித் திறப்பாங்க. இவ்வளவு பெருசா எதுக்குன்னு கேப்பீங்க, முதல்ல ரத்தத்தை நிறுத்தணும், அப்புறம் எல்லா உறுப்பையும் ஒண்ணொண்ணா பாக்கணும், முன்சுவர்ல ஒரு ஓட்டை கிடைச்சிடுச்சுன்னு நிறுத்த முடியாது.

நல்ல செய்தி என்னன்னா இரைப்பைக்கு ரத்த ஓட்டம் ரொம்ப நல்லா இருக்கும், ஓரத்தைச் சுத்தம் பண்ணி தைச்சா பெரும்பாலும் நல்லாவே கூடிடும். நீல மருந்தோ காத்தோ செலுத்தி கசிவு இருக்கான்னு பாத்துட்டு, சலைன் ஊத்தி வயித்தறையைக் கழுவி மூடுவாங்க. பெரிய பகுதி செத்துப்போயிருந்தாதான் அந்தப் பகுதியை வெட்டி எடுக்கற நிலைமை, அது குறைவு.

செலவு: தையல்ல சீழ், நெஞ்சுச் சளி, பின்னாடி தழும்பு வழியா குடலிறக்கம், பல வருஷம் கழிச்சுக்கூட ஒட்டுதல் (உள்ள இருக்கற குடல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கறது) உண்டாகி குடல் அடைப்பு. திறந்து பாத்து ஒண்ணுமில்லன்னு மூடற கேஸும் இருக்கு. அதைக் கேட்டு வீட்டுக்காரங்க "அனாவசியமா கிழிச்சுட்டாங்க"ன்னு கொதிப்பாங்க. நான் ரெண்டு பக்கமும் பாத்தவ, திறந்து மூடுனவங்க தழும்போட வீட்டுக்குப் போனாங்க, ரெண்டு நாள் தள்ளிப் போட்டவங்க ஐ.சி.யூ.ல சீழோட போராடினாங்க.

## ஒரே பார்வைல

| வழி | எப்போ சரி | எதைத் தவற விடும் | மறைஞ்ச செலவு |
|---|---|---|---|
| வீடு | லேசான அடி, தெளிவான ஆள், கூட ஆள் இருக்கு | கிட்டத்தட்ட எல்லாத்தையும் | வீணாப் போற நேரம் |
| கிளினிக் அல்ட்ராசவுண்ட் | போற வழில முதலுதவிக்கு | சின்னக் கிழிசல் | பொய்யான நிம்மதி |
| சி.டி | பி.பி. நிலையா இருந்தா | ரொம்ப சீக்கிரம் எடுத்தா குடல், இரைப்பை ஓட்டை | கதிர்வீச்சு, கான்ட்ராஸ்ட், நகர்த்தற ஆபத்து |
| கண்காணிப்பு | நினைவு தெளிவு, சர்ஜன் பக்கத்துல | மயக்கத்துல இருக்கறவங்களோட வலி | நாள், தூக்கம், பொறுமை |
| லேப்ராஸ்கோப்பி | சந்தேகம் தீராம நிலையா இருந்தா | பின்பக்கச் சுவர் | பாதில திறக்க நேரலாம் |
| திறந்த ஆபரேஷன் | ரத்தக்கசிவு, பலகை வயிறு, வெளிக்காத்து | ரொம்பக் கம்மி | தழும்பு, ஒட்டுதல், குடலிறக்கம் |

## இவங்களுக்கு கணக்கு மாறும்

குழந்தைங்க பி.பி.யை ரொம்ப நேரம் பிடிச்சு வச்சுப்பாங்க, ரத்தம் நிறைய போனப்புறம்தான் சடார்னு விழும், அதனால பி.பி. நார்மல்னு நிம்மதியாகாதீங்க, நாடித்துடிப்பைப் பாருங்க. வயசானவங்கள்ல சில பேர் சாப்பிடற பி.பி. மாத்திரை நாடித்துடிப்பை ஏற விடாது, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா உள்கசிவு நிக்காது, அந்த மாத்திரை அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போங்க. கர்ப்பிணிக்கு அடி எவ்வளவு லேசா இருந்தாலும் வழி 1 இல்ல, நஞ்சுக்கொடி பிரியறது வெளிய தெரியாமலே நடக்கும்.

ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சதும் மூணு விஷயத்தைக் கேக்காமலே சொல்லிடுங்க: அடி எத்தனை மணிக்கு, எந்த இடத்துல என்ன பட்டுச்சு, கடைசியா சாப்பிட்டது குடிச்சது எப்போ. நிறைய பேர் ஆக்சிடெண்ட் யார் தப்புன்னு பத்து நிமிஷம் சொல்வாங்க, இதைச் சொல்ல மறந்துடுவாங்க. சண்டைல உதை வாங்கியிருந்தா வெக்கப்பட்டு "வழுக்கி விழுந்தேன்"னு சொல்லாதீங்க, சர்ஜன் தேடற இடமே மாறிடும்.

கண்காணிப்புல ஒண்ணும் தெரியலன்னு டிஸ்சார்ஜ் பண்ணி வீட்டுக்கு வந்தாலும் சில நாளைக்கு காய்ச்சல், திரும்ப வாந்தி, வயிறு உப்பி காத்து பிரியாம இருக்கறது, வலி ஒரு இடத்துல இருந்து பரவுறது, இதுல எது வந்தாலும் அடுத்த ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காம அந்த டிஸ்சார்ஜ் பேப்பரையும் பழைய ஸ்கேன் படத்தையும் எடுத்துட்டு அதே ஆஸ்பத்திரிக்கே போங்க, பழைய படம் பக்கத்துல இருந்தாதான் புதுசுல என்ன மாறியிருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்.